கை அலம்பாத மந்திரவாதிகள்

அஜி ஒரு வாரம் முழுக்கப் பாம்பின் வாயில் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பாம்பு அவனைக் கவ்வியது. பகடையை உருட்டியிருந்தால் பிழைத்தானா செத்தானா என்று அப்போதே தெரிந்திருக்கும். அவன் கையில் எடுத்துக் குலுக்கவும் செய்தான். கொஞ்சம் அதிகமாகக் குலுக்கிவிட்டான். ஆறு மணி ஆகிவிட்டது. ஆட்டத்தை நடத்துகிற அக்கா பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டினார். பகடைகளை அதில்தான் போட்டு வைப்பார்.

"சேச்சி, ஒரே ஒரு தடவை. ரெண்டு செகண்ட்."

"ஹால் ஆறு மணி வரைக்குமாக்கும். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்."

"வாட்ச்மேன் சேட்டன் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

வாட்ச்மேன் நான்தான். நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன் என்பது உண்மை. ஆனால் அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அவர் சொல்றது இருக்கட்டும். எழுதினது நானாக்கும்."

புதன்கிழமை அஜி அவருக்கு போன் செய்து, நான் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்டிருக்கிறான். "பாதி உள்ளே, பாதி வெளியே. ஞாயித்துக்கிழமை தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஞாயிறு இரண்டு மணிக்கு அஜி பகடையை உருட்டினான். இருபது முகம் உள்ள பகடையில் அவனுக்கு மூன்று விழுந்தது. இரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு இறந்தான். கழக்கூட்டம் என்கிற இடத்தில் கம்ப்யூட்டர் வேலையில் நல்ல சம்பளம் வாங்குகிற பையன். அன்று மீதி நேரம் முழுக்க ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாழைக்காய் வறுவல் தின்றுகொண்டிருந்தான்.

அவர் அப்படித்தான். எழுதினால் எழுதினதுதான்.

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு ட்யூட்டோரியலில் நான் அப்போது வேலையில் இருந்தேன். வாட்ச்மேன், பெருக்குகிறவன், மணி அடிக்கிறவன் எல்லாம் நான்தான். எட்டாவதோடு நின்றவன் மணி அடித்தால் பி.ஏ. படித்த வாத்தியார்கள் எழுந்து போவார்கள். அந்த வேலையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். ராத்திரி இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதே வகுப்பில் படுப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெஞ்சுகளைப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் இவர்கள் வருவார்கள்.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் கதவைத் திறக்கிறேன், நான் ஓடுகிறேன், நான் மந்திரம் போடுகிறேன் என்று சொல்லுவார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். வெளிநாட்டில் இதற்குப் பெரிய பெரிய புத்தகங்கள் உண்டாம். அதில் மந்திரத்துக்கு விதிகள் ஏற்கெனவே அச்சாகி இருக்குமாம். அவர் அவற்றை எல்லாம் படித்துவிட்டு, இது எதுவும் சரியில்லை என்று தானே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். நான் பார்த்தபோது எழுத ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதைப் புத்தகமாக அச்சில் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. ஒரு தடவைதான் சொன்னார். "அட்டையிலே என் பேர் வேண்டாம். உள்ளே ஒரு வரி மாறப்படாது. அவ்வளவுதான்."

அவருக்கு நாற்பத்தைந்து, நாற்பத்தாறு இருக்கும். கோட்டைக்குள் அக்கிரகாரத் தெருவில் வீடு. வயதான அம்மாவோடு இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் காரணங்களை ஒன்று, இரண்டு என்று எண் போட்டுச் சொல்லியிருப்பார். சர்க்கார் ஆபீசில் சட்டவிதிகளைத் திருத்தி எழுதுகிற பிரிவில் வேலை. ஒரு தடவை யாரோ பெரிய மனிதருக்காக ஒரு வரியை மாற்றச் சொன்னார்களாம். இவர் மாற்றவில்லை. ஆறு மாதம் ரெக்கார்ட் ரூமில் தூக்கிப் போட்டார்கள். "ரொம்ப சௌகரியமா இருந்தது. ஏழு பிராகாரத்தையும் அங்கே இருந்துதான் எழுதி முடிச்சேன்" என்றார். ஏழு பிராகாரம் என்பது அவர் கதையில் அரசி இருக்கும் கோட்டை.

விளையாட வருகிறவர்கள் அவரைத் தவிர நான்கு பேர். அஜியைச் சொல்லிவிட்டேன். ஷைனி, பாறசாலைக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். மணியன் அவர் தெருவைச் சேர்ந்தவர், கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவர். நான்காவது ஆள் பேங்க்காரர். அவருக்குக் கண்ணூருக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அக்கா என்னிடம் வந்தார்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு உங்களுக்கு என்ன ஜோலி?"

"உங்களைப் பாத்துக்கிட்டு இருக்கறதுதான்கா."

"அதை உக்காந்துண்டு பாருங்கோ."

இப்படித்தான் நான் விளையாட்டில் சேர்ந்தேன். என்ன வேஷம் வேண்டும் என்று கேட்டார். மந்திரவாதி ஆகலாம், வீரன் ஆகலாம், திருடன் ஆகலாம். மந்திரவாதிக்கு என்ன வேண்டும் என்றேன். தினம் இரண்டு வேளை குளிக்க வேண்டும் என்றார். ட்யூட்டோரியலில் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். எதற்கு வம்பு என்று சுமைதூக்கி ஆகிவிட்டேன்.

குளிக்க வேண்டும் என்று அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருடைய மந்திரம் முழுவதும் அதன்மேல்தான் நின்றது. அவர் வீட்டில் அம்மா இன்றைக்கும் மடி பார்க்கிறவர். மடி என்றால், குளித்துவிட்டு, உயரத்தில் தனியாக உலர்த்தின துணியைக் கோலால் எடுத்து உடுத்திக்கொண்டு, யார்மேலும் எதன்மேலும் படாமல் இருப்பது. பட்டால் போயிற்று. மறுபடி குளிக்க வேண்டும். அவர் இதை அப்படியே எடுத்து மந்திரத்துக்கு விதியாக்கிவிட்டார். குளித்து மடியாக இருக்கும் மந்திரவாதி மலையைப் பெயர்க்கலாம். ஒரு கழுதை உரசினால் சாதாரண மனிதன். மறுபடி பெயர்க்க வேண்டுமானால் குளம் தேட வேண்டும்.

அவர் உலகத்தில் சண்டை எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் மந்திரவாதிகள் ஈர வேட்டியோடு, முழங்கையை ஒடுக்கிக்கொண்டு, தள்ளித்தள்ளி நடப்பார்கள். எதிரியின் துணி எடுக்கிற கோலைத் திருடினால் பாதிப் போர் முடிந்தது. பருத்தியில் தீட்டு ஒட்டும், பட்டில் ஒட்டாது. ஆகவே பணக்கார மந்திரவாதிகள் பட்டு உடுத்திக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். ஏழை மந்திரவாதிகளுக்கு ஜலதோஷம் பிடித்திருக்கும். ஜலதோஷத்தோடு மந்திரம் சொன்னால் பகடையில் இரண்டு குறையும்.

ஷைனி முதல் நாளே சொன்னாளாம். "இது எங்க ஆப்பரேஷன் தியேட்டர் மாதிரில்லா இருக்கு. கைய கழுவிட்டு இப்பிடித் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கணும். ஒருத்தரும் தொடப்படாது. டாக்டர்மாருக்கு மூக்கு அரிச்சா நாங்கதான் சொறிஞ்சு குடுக்கணும்." அவர் சந்தோஷப்பட்டு அதையும் ஒரு விதியாகச் சேர்த்துக்கொண்டார். மடியாக உள்ள மந்திரவாதிக்கு மூக்கு சொறிய ஓர் உதவியாள் தேவை. உதவியாள் பட்டுத்துணியால் சொறிய வேண்டும்.

இதையெல்லாம்விடக் கொடுமையானது பத்து. அவர்கள் வீடுகளில் சோற்றுப் பாத்திரத்தைத் தொட்ட கையால் தயிரைத் தொடக்கூடாது, நெய்யைத் தொடக்கூடாது, நடுவில் கையை நனைக்க வேண்டும். அதற்குப் பெயர் பத்து. மந்திரத்திலும் நெருப்பு மந்திரங்கள் எல்லாம் பத்து. காயம் ஆற்றும் மந்திரங்கள் பத்து இல்லை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதைச் செய்ய வேண்டுமானால் நடுவில் கை அலம்ப வேண்டும். அலம்பினேன் என்று வாயால் சொல்ல வேண்டும்.

மணியன் பிறந்ததிலிருந்து இந்த ஆசாரத்தில் வளர்ந்தவர். ஆயிரம் பேருக்குச் சமைக்கிறவர். ஒரு ஞாயிறு ராட்சதர்கள் பன்னிரண்டு பேரை நெருப்பால் எரித்துவிட்டு, வெட்டுப்பட்டுக் கிடந்த தன் நெஞ்சில் கையை வைத்துக் காயம் ஆற்றினார்.

"கை அலம்பினேளா?" என்று அக்கா கேட்டார்.

"அலம்பினேன்."

"சொல்லலை."

"இது சொல்லணுமா? என் கை தானா அலம்பும். நாற்பது வருஷப் பழக்கம்."

"விதி எட்டு. அலம்பினதைச் சொல்லணும்."

"வெட்டுப்பட்டுக் கிடக்கறவன் தண்ணிக்கு எங்கே போவான்? ஆபத்துக்குப் பாவமில்லைன்னு பெரியவா சொல்லியிருக்காளே."

"அந்த வாக்கியத்தை நான் சேர்க்கலை. சேர்த்தா எல்லாமே ஆபத்துன்னு ஆயிடும். நெஞ்சிலே தீப்பிடிச்சுடுத்து. ஏழு புள்ளி சேதம்."

மணியனுக்கு ஐந்து புள்ளிதான் மிச்சம் இருந்தது. அன்று அவர் கோபித்துக்கொண்டு, கொண்டுவந்திருந்த தேங்காய்ச் சேவைத் தூக்கைத் திறக்காமலேயே திரும்பக் கொண்டுபோனார். எங்களுக்கு அதுதான் பெரிய நஷ்டம்.

இந்தக் கண்டிப்பை அவர் எங்கள்மேல் மட்டும் காட்டினால் வேறு பெயர் சொல்லிவிடலாம். பெஞ்சை விட்டுக் கீழே விழுந்த பகடை செல்லாது என்பது இன்னொரு விதி. அஜியின் புது வேஷத்தைக் கொல்லப் பூதம் வந்தபோது அவர் உருட்டிய பகடை பெஞ்சைத் தாண்டி உருண்டு அலமாரிக்கு அடியில் போயிற்று. முழங்காலிட்டு, ஸ்கேலை விட்டுத் துழாவி எடுத்தார். இருபது. ஆறு வருஷத்தில் அந்தப் பூதத்துக்கு விழுந்த ஒரே இருபது. நாங்கள் யாரும் பார்க்கவில்லை, அவரே சொன்னார். சொல்லிவிட்டு, செல்லாது என்று மறுபடி உருட்டினார். நான்கு விழுந்தது. பூதம் தூணில் முட்டிக்கொண்டது. முட்டியில் தூசியோடு அவர் அதை வருத்தமாக விவரித்தார்.

அவர் வீட்டுக்கு நான் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். ஒரு ஞாயிறு ட்யூட்டோரியலில் பரீட்சை வைத்துவிட்டார்கள். ஹால் கிடையாது என்று சொல்லப் போனேன். கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"யாருடீ அது?"

"ட்யூட்டோரியல்லேர்ந்து வந்திருக்கார்."

"தள்ளி நிக்கச் சொல்லு. நான் மடி."

எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் ஏற்கெனவே கேட்டுக்கு வெளியே, சுவர் நிழல் முடிகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊரில் எங்கே நிற்க வேண்டும் என்பது காலுக்குத் தெரியும், தலைக்குச் சொல்லி அனுப்பாது. அவர் ஈரத் தலையோடு வந்தார். அம்மாமேல் ஆபீஸ் பை பட்டுவிட்டதாம். அம்மாவும் குளித்து, பையின் சொந்தக்காரி என்பதால் அவரும் குளித்திருக்கிறார். அன்றைக்கு மூன்றாவது குளியல்.

"உங்க அண்ணன் வந்தாலும் இப்படித்தானா?" என்று ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன். அண்ணன் அமெரிக்காவில் இருப்பதாக மணியன் சொல்லியிருந்தார்.

"அவன் ஏர்போர்ட்லேர்ந்து நேரே வந்து ஷூவோட அம்மாவைக் கட்டிப்பான். அவனுக்கு இது பொருந்தாதாம். பிளேன்லே வந்தவனுக்குத் தோஷமில்லை. அது எந்தப் புஸ்தகத்திலே இருக்குன்னு கேட்டேன். அதிலேர்ந்துதான் எழுத ஆரம்பிச்சேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். டம்ளரைச் சுவர்மேல் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன். அவர் சுவரைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். நான் குடித்துவிட்டு நன்றாக இருந்தது என்றேன். சர்க்கரை போட மறந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு கரும்பலகையில் ஒரு புது விதி எழுதியிருந்தார். விதி இருபத்திரண்டு. தீட்டு என்பது யார் தொட்டாலும் ஒன்றே. தொடுகிறவர் அரசனானாலும் சுமைதூக்கியானாலும் அதன் அளவு கூடாது, குறையாது.

மணியன் அதை இரண்டு முறை படித்தார். "இது என்ன புதுசா?" என்றார். "விட்டுப்போயிருந்தது" என்று மட்டும் அவர் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்பதையும் அவர் எண் போட்டுத்தான் கேட்பார் என்று எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு எனக்குக் கொண்டாட்டம்தான். மந்திரவாதி யார் வந்தாலும் நான் போய்த் தொட்டுவிடுவேன். வேறு வித்தை எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. மூட்டையைக் கீழே போடு, ஓடு, தொடு. மூன்று மாதத்தில் ஏழு மந்திரவாதிகளையும் ஒரு குட்டி தெய்வத்தையும் தொட்டேன். எங்கள் பக்கத்து மந்திரவாதியான மணியனே என்னைக் கண்டால் தூணைச் சுற்றி வந்தார். அவர் உட்காரும் பெஞ்சும் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. அது விளையாட்டில் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூர்க்காரர் வந்தார். இந்த மாதிரி விளையாட்டுகளைப் புத்தகமாகவும் பெட்டியாகவும் போட்டு விற்கிறவர். அஜி மூலமாகத் தெரிந்து, ஒரு ஆட்டம் முழுவதும் உட்கார்ந்து பார்க்கிறேன், பிடித்தால் போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு அக்கா பாதி சரிகை வைத்த புடவையில் வந்தார். பெஞ்சில் சாக்பீஸால் ஏழு பிராகாரத்தையும் கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருந்தார். காலை எட்டு மணிக்கே வந்து வரைந்திருக்கிறார். நான் பெருக்கும்போது காலை நகர்த்தச் சொன்னேன், நகர்த்தினார், அது அவருக்குத் தெரியவே இல்லை.

அன்றைக்கு ஆட்டம் அரசியோடு. முன்னூறு வருஷமாக யாரும் தொடாதவள். ராஜ்ஜியத்தில் இருக்கும் எல்லா மந்திரமும் அவளிடமிருந்துதான் ஊறுகிறது. ஒரு பிராகாரத்துக்கு ஒரு புதிர், ஒரு சண்டை என்று ஏழு. பார்க்க வருகிறவர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

வெளியே குழாயடியில் ஷைனி என்னைப் பிடித்துக்கொண்டாள். "இஞ்ச பாரு. இன்னைக்கு மட்டும் நீ ஒருத்தரையும் தொடாத. அக்கா பாவம். மூட்டையத் தூக்கிட்டு சும்மா நில்லு, கேட்டியா?"

"நான் ஏன் தொடப்போறேன்?"

"ஒன்னய எனக்குத் தெரியாதா டே."

நான் உண்மையாகவே தொடுவதாக இல்லை. ஆட்டம் நன்றாகத்தான் போயிற்று. முதல் பிராகாரத்தின் புதிரை அஜி அவிழ்த்தான். பெங்களூர்க்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் குறிப்பு எடுத்தார். இரண்டாவதில் மணியன் கையை அலம்பினேன், அலம்பினேன், அலம்பினேன் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுக் கூரைமேல் பறந்து போனார். அப்போதுதான் அரசி குளத்துக்குப் போகிற நேரம் வந்தது. நாங்கள் அவளைத் தூரத்திலிருந்து ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா எழுந்து நின்று கட்டியக்காரன் குரலில் கத்தினார். "விலகு, விலகு. தூரப் போ. விலகு."

அவர் எங்கே அதைக் கேட்டுப் பழகினாரோ தெரியாது. அத்தனை கச்சிதமாக இருந்தது. பெஞ்சுக்கு அடியில் என் இரண்டு காலும் தாமாகப் பின்னால் போயின. முப்பத்து நான்கு வயதில், ஃபேன் ஓடுகிற ஒரு அறையில், விளையாட்டில். எனக்கு எரிச்சலாக வந்தது.

"நீ என்ன செய்யறே?" என்று என்னைக் கேட்டார். எல்லோரையும் கேட்பதுதான்.

"மூட்டையோட நிக்கேன்."

"எங்கே?"

"தூணுக்குப் பின்னாடி. அங்கதான் நிக்கச் சொல்லுவாங்க."

எனக்கு அடையாளமாக வைத்திருந்த சோடா மூடியைத் தூணுக்குப் பின்னால் நகர்த்தினார். அரசியை நகர்த்தினார். நடுவில் இருக்கும் கட்டங்களை எண்ணப் போனார். எண்ண ஒன்றும் இல்லை, ஒரே கட்டம்தான்.

ஷைனி என் காலை மிதித்தாள்.

"இவ்வளவு பக்கத்துல ஒருத்தன் நிக்கறதைக் காவலுக்கு வர்றவங்க பார்க்க மாட்டாங்களா?" என்று பெங்களூர்க்காரர் கேட்டார்.

"விலகச் சொல்றவங்க யாரும், விலகினவன் எங்க நிக்கான்னு பாக்க மாட்டாங்க சார்" என்றேன். "நிக்கறவனுக்குத்தான் தூரம் தெரியும்."

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நியாயமாக்கும். ஆனாலும் பகடை உருட்டணும். அஞ்சுக்கு மேலே விழுந்தா பார்த்துடுவா." எல்லோருக்கும் தெரிய நடு பெஞ்சில் உருட்டினார். இரண்டு.

"அரசி உன்னைத் தாண்டிப் போறா. என்ன செய்யறே?"

சும்மா நிற்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதற்காகத்தான் நிறுத்தி நிதானமாகக் கேட்டாரோ என்னவோ. ஆனால் பார்வையில் கெஞ்சல் எதுவும் இல்லை. கெஞ்சியிருந்தால் விட்டிருப்பேன்.

"கையைப் பிடிக்கேன்" என்றேன்.

முதலில் பேசியது மணியன். "எனக்கும் மந்திரம் போயிடுத்தா?"

"எல்லாருக்கும்."

"நான் கூரைக்கு மேலே பறந்துண்டுன்னா இருக்கேன்."

"ஆமாம். எவ்வளவு உயரம்?"

மணியனின் இரண்டு காலும் ஒடிந்தன. ஷைனி கட்டுப் போட ஓடினாள். அஜி விதிப் புத்தகத்தைப் புரட்டி, குளித்தால் சரியாகிவிடும் என்று இருக்கிறதே, அரசி குளிக்கட்டும் என்று உற்சாகமாகச் சொன்னான். அவனுக்கும் ஆட்டம் முடிந்துவிடக் கூடாது என்று கவலை. ஆமாம், இருட்டுவதற்குள் குளித்தால் சரியாகிவிடும் என்றார் அவர். அரசி குளத்தைப் பார்த்து ஓடினாள்.

"நான் கையை விடலை" என்றேன்.

"அப்போ நீயும் ஓடறே."

அரசி முழுகினாள். நானும் முழுகினேன். ஒருவர் தொட்டுக்கொண்டே இருக்கும்போது குளித்தால் குளித்ததாகாது. அவள் படி மாற்றி முழுகினாள், நானும் படி மாற்றினேன். அரசியின் வசனத்தை அவர் தன் அம்மாவின் குரலில் சொல்லத் தொடங்கினார். "ஏண்டா கடங்காரா, விட்டுத் தொலையேண்டா. இந்தக் குளுரிலே எத்தனை தரம் முழுகறது? எனக்கு முன்னூறு வயசாச்சுடா." மணியன் ஒடிந்த காலை மறந்து பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். பெங்களூர்க்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒன்பதாவது முழுக்கில் சூரியன் மறைந்தது.

"போயாச்சு" என்றார் அவர். "ராஜ்ஜியத்திலே இனி மந்திரம் இல்லை."

மணி மூன்றேகால். ஐந்து பிராகாரங்கள் தொடப்படாமல் சாக்பீஸ் கட்டத்தில் கிடந்தன.

பெங்களூர்க்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நல்ல முறையில்தான் பேசினார். "மேடம், இவ்வளவு சிரிச்சு ரொம்ப நாளாச்சு. புத்தகம் போடலாம். ஆனா ஒரு விஷயம். வாங்கறவன் எல்லாம் ஒரு சுமைதூக்கியைக் கூட்டிட்டு வந்து ஒண்ணேகால் மணி நேரத்துல முடிச்சுட்டுப் போயிடுவான். ஏழு பிராகாரம் வீணாப் போயிடும். ஒரே ஒரு வரி சேருங்க. அரசிக்கு இது பொருந்தாதுன்னு. அடுத்த மாசமே அச்சுக்கு அனுப்பறேன்."

அக்கா சாக்பீஸை எடுத்தார். கரும்பலகையில் விதி இருபத்திரண்டு என்று எழுதி, அதன் கீழே அந்த மூன்று வார்த்தைகளையும் எழுதினார். அரசிக்கு இது பொருந்தாது. தள்ளி வந்து நின்று பார்த்தார். கையெழுத்து எப்போதும்போல் முத்து முத்தாக இருந்தது. மேலே ஃபேன் புடவைத் தலைப்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவ்வளவு நேரம் எதையும் அவர் பார்த்து நான் கண்டதில்லை.

"போடுங்கோ அக்கா. ஒரு வரிதானே" என்றார் மணியன், மெதுவாக. புத்தகம் அச்சில் வர வேண்டும் என்றுதான் அவருக்கும் இருந்தது.

"இந்த வரியைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் எழுத உக்காந்தேன்" என்றார் அக்கா. "இதை நானே எழுத மாட்டேன்."

"யோசிச்சு ஒரு வாரத்துல சொல்லுங்க மேடம்."

"யோசிச்சாச்சு. உங்களுக்கு வண்டி அஞ்சு மணிக்கு இல்லியோ? இப்போ கிளம்பினா சரியா இருக்கும்."

பெங்களூர்க்காரர் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார். எனக்கும் கொடுத்தார். அந்தப் புத்தகம் அச்சாகவில்லை. நான் அந்த ஊரை விட்டு வந்து பல வருஷம் ஆகிறது, போன மழைக்கு அஜி போனில் பேசினான், இன்னும் ஆகவில்லை என்றான்.

அக்கா கரும்பலகையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மூக்கைச் சிந்தினார். சாக்பீஸ் தூசியாகவும் இருக்கலாம். ஷைனி என்னைப் பார்க்காமல் பையை மூடினாள். நான், "அக்கா, நான் வேணும்னு…" என்று ஆரம்பித்தேன்.

"வேணும்னுதான் தொட்டே. வேண்டாம்னு எவனும் தொட மாட்டான்" என்றார். "பையை எதுக்கு மூடறேள்? ஆட்டம் முடிஞ்சுதுன்னு நான் சொல்லலையே. அரசி இன்னும் குளத்திலேதான் நிக்கறா. நீ கையைப் பிடிச்சுண்டிருக்கியா?"

"விட்டுட்டேன்கா."

"சரி. அவ விடலை."

மணியன் பெஞ்சை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். அக்கா பகடையைத் தொடவில்லை, புத்தகத்தையும் திறக்கவில்லை. அம்மாவின் குரலும் இல்லை. நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், கொஞ்சம் கூச்சமாக, அரசி பேசினாள்.

"முன்னூறு வருஷத்துலே நான் பிடிச்ச முதல் கை இது. எல்லாருக்கும் கை இப்படித்தான் சொரசொரன்னு இருக்குமா?"

"எல்லாருக்கும் இல்லை."

"உனக்கு ஏன்?"

சுமைதூக்கிக்கு ஏற்றபடி எதையாவது சொல்லியிருக்கலாம். வாயில் அது வரவில்லை.

"செங்கல் சூளை" என்றேன். "பதிமூணு வயசுல."

"அப்புறம்?" என்றாள் அரசி.